பழைய பெட்ரோல் கார், ஐட்லிங்ல டொக் டொக் சத்தம், இன்ஜின் பிரிக்கறதுக்கு முன்னாடி கேக்கறேன்

பழசுதான்_பிடிக்கும்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கற இன்ஜின், மேனுவல் கியர், டைமிங் செயின். அப்பா ஆசையா வச்சிருந்த வண்டி, இப்ப என் கையில இருக்கு. கொஞ்ச நாளா ஐட்லிங்ல நிக்கும்போது டொக் டொக் டொக்னு ஒரு சத்தம், யாரோ மரக்கதவ விரல் மூட்டால தட்டுற மாதிரி கனமா இருக்கு, டேப்பெட் (வால்வ தள்ற பாகம்) சத்தம் எனக்கு தெரியும் இது அது இல்ல.

எப்ப வருது எப்ப போகுதுன்னு கவனிச்சத அப்படியே சொல்றேன். இன்ஜின் ஆறியிருந்தாலும் வரும் சூடா இருந்தாலும் வரும். ஏசி போட்டா ஜாஸ்தி. லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுத்து 1500 ஆர்பிஎம் தாண்டிட்டா காணாம போயிடுது. சாவிய ஆஃப் பண்ணி இன்ஜின் நிக்கற அந்த கடைசி நொடியில ஒரு லொடக். புகை இல்ல, ஆயில் லைட் எரியல, ஒரு சாவியில ஸ்டார்ட் ஆகுது, இழுவை நல்லா இருக்கு. மெக்கானிக் ஒருத்தர் பானெட்ட திறந்து கேட்ட உடனே பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனோட ராடு கிராங்க் தண்டுல சேர்ற இடத்து பேரிங்) போயிடுச்சு இன்ஜின இறக்கணும்னு சொல்லிட்டாரு. எந்த டெஸ்ட்டும் பண்ணாம இன்ஜின பிரிக்க எனக்கு மனசு வரல.

டீசல்மண்டை:
ப்ரோ கனமான டொக் டொக்னா பேரிங் தான். முதல்ல வண்டி ஓட்டறத நிறுத்துங்க. பிக் எண்ட்ல இடைவெளி அதிகமாகி அப்படியே ஓட்டினா ஷெல் (பேரிங் தகடு) சுத்திக்கும், கிராங்க் ஜர்னல் (பேரிங் உக்கார்ற வழுவழு பகுதி) கீறிடும், கடைசியில கனெக்டிங் ராடு பிளாக்க உடைச்சிட்டு வெளிய வரும். ஷெல் மட்டும் மாத்தி முடியற வேலை மொத்த இன்ஜின் வேலையா ஆயிடும், பயமுறுத்தணும்னு சொல்லல, நிஜமா நடக்கறது இது.

ஆயில்கை:
ஓட்ட வேணாம்னு சொன்னது சரி, எந்த சத்தம்னு தெரியற வரைக்கும் நிறுத்தி வைங்க தம்பி. ஆனா பேரிங் தான்னு முடிவு கட்டறது அவசரம். பிக் எண்ட் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. இன்ஜின் நல்லா சூடாகி ஆயில் இளகின பிறகு அதிகமாகும், ஆறியிருக்கும்போது கெட்டி ஆயில் இடைவெளிய நிரப்பறதால அமுங்கி இருக்கும். அப்புறம் 2000, 2500 கிட்ட வச்சு ஆக்ஸிலரேட்டர பட்டுனு விட்டா அந்த விடற இடத்துல டகடகடகன்னு காட்டிக் கொடுத்துடும். உங்களுக்கு நேர் மாறா இருக்கு, ஐட்லிங்ல மட்டும் வருது, மேல ஏறினா போயிடுது. ஏசி போட்டா ஏறுதுன்னு வேற சொல்றீங்க. எனக்கு இது இடிக்குது.

ரெண்டு விஷயம் பண்ணுங்க. ஆயில் பிரஷர் சுவிட்ச கழட்டிட்டு அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் நல்லா சூடான பிறகு ஐட்லிங்ல எவ்வளவு, 3000ல எவ்வளவுன்னு பாருங்க. லைட் எரியலைங்கறத நம்பாதீங்க, அந்த சுவிட்ச் பிரஷர் ரொம்ப விழுந்த பிறகு தான் லைட்ட போடும். இன்னொன்னு, போன்ல சத்தத்த ரெக்கார்ட் பண்ணுங்க, பக்கத்துல வச்சு, ஐட்லிங் ஆர்பிஎம் என்னன்னு குறிச்சுக்கங்க.

நாலுசக்கரம்:
நண்பா என் வண்டியிலயும் சத்தம் இருந்தப்போ கெட்டி ஆயில் ஊத்தி மேல ஒரு டப்பா ஆயில் ட்ரீட்மென்ட் ஊத்தினேன், குறைஞ்சிடுச்சு. செலவு கம்மி, முதல்ல அத ட்ரை பண்ணி பாருங்களேன்

ஆயில்கை:
சார் தயவு செஞ்சு இப்ப அத பண்ண வேணாம். கெட்டி ஆயில் சத்தத்த மூடும், காரணத்த மூடாது. இப்ப நமக்கு அந்த சத்தம் தான் ஒரே சாட்சி, அத அமுக்கிட்டா அப்புறம் எத வச்சு கண்டுபிடிக்கறது.

பழசுதான்_பிடிக்கும்:
கேஜ் கடன் வாங்கி மாட்டி பார்த்தேன் அண்ணே. நல்லா சூடான பிறகு 800 ஐட்லிங்ல 18 பிஎஸ்ஐ, 3000ல 48. ரெக்கார்டும் பண்ணிட்டேன், அத எப்படி பார்க்கறது?

ஆயில்கை:
சூட்டுல ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ இருந்தா போதும்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருப்போம், உங்களுக்கு அதுக்கு மேலயே இருக்கு. அதனால பேரிங் நல்லா இருக்குன்னு சத்தியம் பண்ண முடியாது, ஒரே ஒரு ராடு மட்டும் தளர்ந்திருந்தா பிரஷர் பெருசா விழாது. ஆனா நல்ல சேதி தான்.

ரெக்கார்டுக்கு வரேன், இது முக்கியம் எல்லாருமே கவனிங்க. 800 ஆர்பிஎம்னா கிராங்க் நொடிக்கு 13 சுத்து சொச்சம் சுத்துது. வால்வுகள திறக்கற கேம் ஷாஃப்ட் அதுல பாதி வேகம், நொடிக்கு 6, 7 தான். இத காதால எண்ண முடியாது, யாராலயும் முடியாது. ஆனா ரெக்கார்டிங்க கால் வேகத்துல ஓட விட்டா கேம் வேகத்துல வர்ற சத்தம் நொடிக்கு ரெண்டுக்கும் கம்மியா கேக்கும், கிராங்க் வேகத்துல வர்றது மூணுக்கு மேல கேக்கும். இல்லன்னா ஏதாவது ஆடியோ எடிட்டர்ல போட்டு அலைய பெருசாக்கி ஒரு நொடிக்குள்ள எத்தனை கூர் எழும்புதுன்னு கண்ணால எண்ணிடலாம். டேப்பெட், வால்வு, ராக்கர், கேம் லோப் எல்லாம் கேம் வேகம். கிராங்க், ராடு, பிஸ்டன் பின், ஃப்ளைவீல், முன்னாடி புல்லி இதெல்லாம் கிராங்க் வேகம். இந்த ஒரு எண்ணிக்கையிலயே பாதி இன்ஜின் சந்தேகத்துல இருந்து வெளிய போயிடும்.

மெதுவாபோ:
குறுக்க வரதுக்கு மன்னிக்கணும். கார்புரேட்டர் வண்டின்னு சொன்னதால ஒன்னு சொல்றேன், பிளாக் பக்கவாட்டுல இருக்கற மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்போட லீவர் ஸ்பிரிங் போயிட்டா இதே மாதிரி டொக் டொக் வரும், எத்தனையோ பேர் அத பேரிங்னு நினைச்சு இன்ஜின இறக்கியிருக்காங்க. அத பார்த்தீங்களா?

பழசுதான்_பிடிக்கும்:
எடிட்டர்ல போட்டு எண்ணினேன். ஒரு நொடியில 13, சில இடத்துல 14 தெளிவா எழும்புது. நடு நடுல சின்ன சின்னதா வேற இருக்கு அது டேப்பெட்டா இருக்கும்னு நினைக்கறேன். அப்ப கிராங்க் வேகம் தானே?

ஆயில்கை:
கிராங்க் வேகமே தான். பெட்ரோல் பம்ப்ப கேம்ல இருக்கற எக்சென்ட்ரிக் தான் தள்ளுது, அதனால அது 6, 7 தான் அடிச்சிருக்கணும், பம்ப் வெளிய போச்சு. நல்ல கேள்வி கேட்டீங்க மெதுவாபோ.

டீசல்மண்டை:
கிராங்க் வேகம்னா ராடு பேரிங் இன்னும் ஆட்டத்துல தான் இருக்கு அண்ணே. சிலிண்டர் கட் பண்ணி பார்க்கணும்.

ஆயில்கை:
கண்டிப்பா பார்க்கணும். தம்பி, ஐட்லிங்ல ஓட விட்டு ஒவ்வொரு பிளக் வயரா விடுவிச்சு பாருங்க. வயர சும்மா காத்துல தொங்க விடக்கூடாது, நல்ல ஷாக் அடிக்கும், காயில், இக்னிஷன் மாட்யூல் மேலயும் பாரம் ஏறும். பழைய பிளக் ஒன்ன வயர் நுனியில சொருகி பிளக்கோட உடம்ப இன்ஜின் இரும்புல நல்லா படற மாதிரி கட்டி வைங்க. ஒவ்வொரு தரமும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டே மாத்துங்க. ராடு பேரிங்னா அந்த ஒரு சிலிண்டர கட் பண்ணும்போது மட்டும் சத்தம் நல்லா அமுங்கும், ஏன்னா பிஸ்டன் மேல வெடிப்போட அழுத்தம் இல்ல. மத்த மூணுக்கும் மாறாது.

பம்பரம்:
பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் சிலிண்டர் சுவர்ல அடிக்கறது), எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளிய போற குழாய்) லீக் இந்த ரெண்டையும் யாரும் சொல்லலையே. மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்னு உடைஞ்சிருந்தா டிக் டிக்னு ராடு சத்தமாவே ஏமாத்தும்.

ஆயில்கை:
ரெண்டுமே காலையில ஆறின இன்ஜின்ல அதிகமா இருந்து சூடாக சூடாக குறையும். ஸ்லாப்ல பிஸ்டன் விரிஞ்சு இடைவெளி குறையுது, லீக்ல இரும்பு விரிஞ்சு சந்த அடைச்சிடுது. இவருக்கு ஆறினாலும் சூடானாலும் ஒரே மாதிரி. அதோட லீக் சத்தம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா ஏறும், இவருக்கு இறங்குது.

பழசுதான்_பிடிக்கும்:
சிலிண்டர் கட் முடிச்சேன், குழப்பமா இருக்கு. எந்த சிலிண்டர கட் பண்ணாலும் சத்தம் மாறுது, ஆனா அமுங்கல, ஒழுங்கா வந்துட்டு இருந்த டொக் டொக் தாறுமாறா தடுமாறி வருது. நாலுமே ஏறக்குறைய ஒன்னு தான்.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் நுனிய இன்ஜின்ல வச்சு கைப்பிடிய காதுல ஒட்டி கேட்டேன் (ஃபேன் கிட்ட தலை போகாம தள்ளி நின்னு தான்). ஆயில் சம்ப் பக்கத்துல, பிளாக் நடுவுல லேசா தான் கேக்குது. டைமிங் கவர் அடியில கிராங்க் புல்லிக்கு பின்னாடி வச்சா காத கிழிக்குது. டைனமோ மேலயும் கொஞ்சம் கேக்குது.

அதனால பெல்ட்ட கழட்டிட்டு ஓட்டி பார்த்தேன். சத்தம் குறைஞ்சிடுச்சு! ஆனா முழுசா போகல.

நெடுஞ்சாலை_நாடோடி:
அப்ப டைனமோ பேரிங் தான் ப்ரோ, இல்ல ஏசி கம்ப்ரஸர் கிளட்ச். ஏசி போட்டா ஏறுது, பெல்ட் எடுத்தா குறையுது, வேற என்ன வேணும். கையால டைனமோ புல்லிய சுத்தி பாருங்க கரகரன்னா மாத்திடுங்க

ரெஞ்ச்12:
முழுசா போகலைன்னு சொல்றாரே, டைனமோவா இருந்தா பெல்ட் இல்லாதப்போ அது சுத்தவே சுத்தாது, சத்தம் எங்க இருந்து வரும்? இன்னொன்னு, டைனமோ புல்லி சின்னது, கிராங்க விட வேகமா சுத்தும், நொடிக்கு 13ங்கற கணக்குல அது வராது. பெல்ட் எடுத்ததும் ஏதோ ஒன்னு மேல இருந்த இழுப்பு போயிருக்கு, அதனால சத்தம் மாறியிருக்கு. அந்த ஏதோ ஒன்னு என்னங்கறது தான் கேள்வி.

பழசுதான்_பிடிக்கும், பெல்ட் இல்லாம ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, உங்க இன்ஜின்ல வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்ல தான் ஓடும், ஒரு நிமிஷத்துக்குள்ள ஆஃப் பண்ணிடணும்.

மெதுவாபோ:
ஃப்ளைவீல் போல்ட் லூஸ் ஆனாலும் கிராங்க் வேகத்துல வரும். கிளட்ச் மிதிச்சா மாறுதா?

பழசுதான்_பிடிக்கும்:
கிளட்ச் மிதிச்சாலும் விட்டாலும் ஒன்னு தான், பின்பக்கம் பெல் ஹவுசிங்ல ஸ்க்ரூ டிரைவர் வச்சா ஒன்னும் கேக்கல. டைனமோ கையால சுத்தினா வழுவழுன்னு சுத்துது.

ரெஞ்ச்12:
சரி, டைமிங் லைட் (ஸ்பார்க் வர்ற நேரத்துல மின்னி புல்லி கோட்ட காட்டற விளக்கு) கிடைச்சா ஒரு தரம் அடிச்சு பாருங்க. இக்னிஷன் டைமிங் ரொம்ப முன்னாடி இருந்தாலும் தட்டும்ல, அதையும் பார்த்துடுவோம்.

பழசுதான்_பிடிக்கும்:
டைமிங் லைட் அடிச்சேன். இப்ப தான் எனக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு. புல்லியில இருக்கற கோடு 10 டிகிரி கிட்ட நிக்கணும், அது ஸ்கேல தாண்டி வெளிய நிக்குது, 30க்கு மேல அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்னாடியே வர்றது) காட்டுது. டைமிங் செயின் பல் தாண்டிடுச்சா? டிஸ்ட்ரிபியூட்டர திருப்பி கோட்ட சரியான இடத்துக்கு கொண்டு வந்துடட்டுமா?

ஆயில்கை:
திருப்பாதீங்க தம்பி! டிஸ்ட்ரிபியூட்டர் மேல கையே வைக்காதீங்க.

நிதானமா யோசிங்க. ஐட்லிங்ல நிஜமா 30 டிகிரி அட்வான்ஸ் இருந்தா சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே முரண்டு பிடிக்கும், ஸ்டார்டர் சுத்தும்போதே எதிர்த்து உதைக்கும், மேட்டுல ஏத்தினா கடகடன்னு பிங்கிங் அடிக்கும். உங்க வண்டி ஒரு சாவியில ஸ்டார்ட் ஆகுது, இழுவை நல்லா இருக்குன்னு நீங்களே முதல் பதிவுல எழுதியிருக்கீங்க. அப்ப டைமிங் நகரல. கோடு நகர்ந்திருக்கு.

கோடு எங்க இருக்கு? கிராங்க் புல்லியோட வெளி வளையத்துல. பல இன்ஜின்ல அந்த புல்லி ஒரே துண்டு இல்ல, நடுவுல கிராங்க்ல உக்கார்ற ஹப், வெளிய கனமான இரும்பு வளையம், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர். ஹார்மோனிக் பேலன்ஸர், டேம்பர்னு சொல்றது இத தான். ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் துளியூண்டு முறுக்கி திரும்ப நிமிரும், அந்த முறுக்கல் அதிர்வ வாங்கிக்க தான் வளையத்த ரப்பர்ல தொங்க விட்டிருக்காங்க. வயசாகி சூட்டுல ரப்பர் கெட்டியாகி ஹப்ப விட்டு கழண்டுட்டா வளையம் தனியா ஆடும். ஐட்லிங்ல வெடிப்புக்கு வெடிப்பு கிராங்க் வேகம் ஏறி இறங்கும், அப்ப வளையம் முன்ன பின்ன இடிக்கும். வேகம் ஏறினா ஓட்டம் சீராகி வளையம் ஒரே பக்கமா சேர்ந்து சுத்தும், சத்தம் நின்னுடும். ஏசி போட்டா பெல்ட் வளையத்த இழுக்குது, ஐட்லிங்கும் கொஞ்சம் விழுது, அதான் ஏறுது. பெல்ட் எடுத்தா அந்த இழுப்பு இல்ல, குறையுது. எந்த சிலிண்டர கட் பண்ணாலும் ஓட்டம் குலுங்குது, அதனால நாலுக்குமே மாறுது. நிக்கும்போது லொடக், அது வளையம் கடைசியா விழற சத்தம். நீங்க சொன்ன எல்லாமே இதுக்குள்ள அடங்குது.

ஆனா நான் சொல்லிட்டேன்னு புல்லி வாங்க ஓடாதீங்க, நிரூபிச்சுட்டு வாங்குங்க.

ரெஞ்ச்12:
அண்ணே அருமை. நிரூபிக்கற வழிய நான் சொல்றேன். பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிட்டு, நாலு பிளக்கையும் எடுத்துட்டு, 1ஆம் சிலிண்டர் ஓட்டையில ஒரு நீளமான மெல்லிசு மரக்குச்சி விடுங்க, இரும்பு வேணாம் கீறும். கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுத்தற திசையில மெதுவா சுத்துங்க, குச்சி மேல வரும். உச்சியில பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாம நிக்கற மாதிரியே இருக்கும், அதனால இது தான் உச்சின்னு கண்ணால முடிவு பண்ணாதீங்க. ஏறும்போது குச்சியில ஒரு கோடு போட்டு அந்த நேரம் புல்லியில சாக்பீஸால ஒரு குறி, அப்புறம் உச்சி தாண்டி இறங்கும்போது அதே கோடு அதே உயரத்துக்கு வரப்போ இன்னொரு குறி, ரெண்டுக்கும் நட்ட நடு தான் உண்மையான டாப் டெட் சென்டர். அந்த நடு குறி ஸ்கேல்ல 0ல நிக்கறப்போ புல்லியோட சொந்த கோடும் அங்கயே இருந்தா அண்ணன் சொன்னது இல்ல. தள்ளி இருந்தா வளையம் வழுக்கிடுச்சு.

இன்னும் ஒன்னு, ஹப்புல ஆரம்பிச்சு ரப்பர் மேல ஏறி வளையம் வரைக்கும் வெள்ளை பெயின்ட்ல நேரா ஒரே கோடு இழுங்க. காஞ்ச பிறகு எல்லாத்தையும் மாட்டி கொஞ்ச நேரம் ஓட்டிட்டு ஆஃப் பண்ணி பாருங்க. ஒன்னா இருந்தா ரப்பர் பிடிச்சிருக்கு, முறிஞ்சிருந்தா அதுக்கு மேல சாட்சி வேணாம்.

பழசுதான்_பிடிக்கும்:
முறிஞ்சிருக்கு!! ஹப்புல இருக்கற துண்டும் வளையத்துல இருக்கற துண்டும் விரல் அகலத்துக்கு மேல தள்ளி நிக்குது. குச்சி வச்சும் பார்த்தேன், உண்மையான உச்சியில புல்லியோட கோடு 0 கிட்டயே இல்ல, நல்லா தள்ளி இருக்கு.

டார்ச் அடிச்சு பின்னாடி பார்த்தா டைமிங் கவர்ல பிறை வடிவத்துல பளபளன்னு ஒரு கீறல், வளையம் பின்னாடி நகர்ந்து கவர்ல உரசியிருக்கு. சுத்தியும் கருப்பா ரப்பர் தூள், ஆயில்ல ஊறி பிசுபிசுன்னு ஒட்டிட்டு இருக்கு. வளையத்த கையால பிடிச்சு ஆட்டினா ஆடுது. இத்தனை தரம் பானெட்ட திறந்தும் யாரும் கீழ குனிஞ்சு இத பார்க்கலையேன்னு வருத்தமா இருக்கு.

டீசல்மண்டை:
செம. நல்ல வேளை பிரிக்கல. ஆனா இந்த புல்லியோடவும் ஓட்ட வேணாம் ப்ரோ, வளையம் கழண்டு வந்தா ரேடியேட்டர கிழிக்கும், பெல்ட் போனா வாட்டர் பம்ப் நிக்கும். டேம்பர் வேலை செய்யாம ரொம்ப நாள் ஓட்டினா கிராங்கே விரிசல் விடும்.

ஆயில்கை:
சரியா சொன்னாரு. ஆயில்ல ஊறியிருக்குன்னு எழுதினது முக்கியம். முன்பக்க கிராங்க் ஆயில் சீல் கசியுது, அந்த ஆயில் தான் ரப்பர தின்னிருக்கும். புல்லி மட்டும் மாத்திட்டு சீல விட்டா புதுசும் இதே கதி ஆகும். புல்லி கழட்டினா சீல் கைக்கெட்டற தூரத்துல இருக்கும், சேர்த்து மாத்திடுங்க. ஹப்போட கழுத்துல சீல் உதடு உரசின பள்ளம் பழசுல இருக்கும், புது ஹப்புல அது இருக்காது.

கழட்டும்போது கவனம். புல்லர (புல்லிய இழுத்து கழட்டற டூல்) ஹப்புல இருக்கற திருகு ஓட்டைகள்ல தான் மாட்டணும். வளையத்தோட விளிம்புல கொக்கி போட்டு இழுத்தா பழசு பிஞ்சுடும், புதுசுல அப்படி பண்ணா அதோட ரப்பரும் அன்னிக்கே போச்சு. சுத்தியால அடிச்சு ஏத்தவும் கூடாது, கிராங்க் த்ரஸ்ட் பேரிங்ல போய் அடி விழும். போல்ட் லூஸ் பண்ண வண்டிய டாப் கியர்ல போட்டு ஒருத்தர பிரேக் மிதிச்சுக்க சொல்லுங்க. புல்லிய கிராங்க்ல பூட்டற சின்ன இரும்புத் துண்டான கீயையும் அது உக்கார்ற பள்ளத்தையும் விரல் விட்டு பாருங்க, அது தேஞ்சிருந்தா புதுப் புல்லியும் ஆடும்.

பழசுதான்_பிடிக்கும்:
புது புல்லி, புது சீல் ரெண்டும் போட்டாச்சு. கீ நல்லா இருந்துச்சு. போல்ட்ட மேனுவல்ல இருக்கற அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல முறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணேன், டொக் டொக் சுத்தமா இல்ல, ஏசி போட்டும் இல்ல, ஆஃப் பண்ணும்போது லொடக்கும் இல்ல. டைமிங் லைட் அடிச்சேன், கோடு 10 டிகிரியில நிக்குது, டிஸ்ட்ரிபியூட்டர தொடவே இல்ல. அப்பாவ கூப்பிட்டு பக்கத்துல நிக்க வச்சு கேக்க சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஆயில்கை அண்ணே, ரெஞ்ச்12, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

ஆயில் மாத்தும்போது பழைய ஃபில்டரையும் வெட்டி பார்க்கலாம்னு இருக்கேன், ஹேக்சா போதுமா?

ஆயில்கை:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஹேக்சா வேணாம், அதோட இரும்புத் தூளே உள்ள விழுந்து அது இன்ஜின்ல இருந்து வந்ததா ரம்பத்துல இருந்து வந்ததான்னு தெரியாம போயிடும். ஃபில்டர் கட்டர்னு டப்பா திறக்கற மாதிரியே சுத்தி வெட்டற டூல் இருக்கு, அத வாங்குங்க. உள்ள இருக்கற காகித மடிப்ப வெட்டி எடுத்து, பிழிஞ்சு, விரிச்சு வெயில்ல பாருங்க. காந்தத்துல ஒட்டற தூள் இரும்பு, பழைய இன்ஜின்ல துளி இருக்கறது வழக்கம். காந்தத்துல ஒட்டாம வெள்ளியாவோ செம்பு நிறத்துலயோ மினுமினுப்பு இருந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க, அப்ப பேரிங் பத்தி பேசுவோம்.

நாலுசக்கரம்:
என் வண்டியும் ரெக்கார்ட் பண்ணி எண்ணி பார்த்தேன் அண்ணே, 850 ஐட்லிங்ல நொடிக்கு 7 வருது. கேம் வேகம்னு புரியுது. அடுத்து எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ஆயில்கை:
ஒரு வால்வு தான்னு தோணுது. ராக்கர் கவர கழட்டி ஃபீலர் கேஜ் வச்சு வரிசையா கிளியரன்ஸ் பாருங்க, சூட்டுல பார்க்கணுமா ஆற வச்சு பார்க்கணுமான்னு மேனுவல்ல இருக்கும், அது மாறினா அளவும் மாறிடும். ஸ்க்ரூவும் நட்டும் வச்ச டேப்பெட்டா ஹைட்ராலிக்கா? புது இழை போட்டு எழுதுங்க சார், அங்க பார்க்கறேன்.